பிறவாதானுக்குப் பிறந்தநாள் உண்டோ?

வைகாசித் திங்களில் விசாக நட்சத்திரம் கூடிய நன்னாள் முருகப்பெருமானது திருவவதார தினமென்று சைவநன்மக்களாற் கொண்டாடப்படுதல் யாவரும் அறிந்ததே. திருச்செந்தூர் முதலாய தலங்களில் அந்நாளிற் பாற்குடமும் காவடியும் ஏந்தி வருவோர் தொகை பெரிது. விசாகன் என்பது அப்பெருமானுக்குத் திருப்பெயராகவும் வழங்குகின்றது. இவற்றையெல்லாம் சமயபாட வகுப்பிற் சொல்லிக் கொடுத்தல் உபாத்தியாயருக்கு எளிது. எளிதல்லாதது ஒன்றுண்டு. முதல்வன் பிறப்பிறப்பு இல்லாதவன் என்பதையும் அதே உபாத்தியாயர் அதே பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டியவராயிருக்கின்றார். பிறவாதானுக்குப் பிறந்தநாள் எங்ஙனம் உண்டாயிற்று? இவ்வினா மனத்தில் எழாத மாணாக்கன் இவ்விரு பாடங்களுள் ஒன்றைக் கவனியாது விட்டவன் என்றே யாம் கொள்வோம்.

இதனை இப்பொழுது எழுதப் புகுந்தமைக்குக் காரணம் ஒரு கடிதம். ஓர் ஊர்ப் பாடசாலையில் இளம் உபாத்தியாயினி ஒருவர் விசாகத்தன்று தம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டி, ஆறுமுகசுவாமியின் படத்தின்முன் கேக்கு ஒன்று வைத்து, ஆறு முகத்துக்கு ஆறென்று மெழுகுதிரி கொளுத்தி, பிறந்தநாட் பாட்டும் பாடுவித்தார். செய்தி ஊரிற் பரவிற்று. பெரியோர் சிலர் வந்து பிள்ளைகள் பார்த்திருக்க அவரைக் கடிந்துகொண்டனர். அவர் எமக்கெழுதிய கடிதத்தில் ஒரு வாக்கியம் எம்மை உறங்கவிடவில்லை: “ஐயா, நான் செய்தது பிழையென்று எல்லாரும் சொல்லுகிறார்கள், ஏன் பிழையென்று ஒருவரும் சொல்லுகிறாரில்லை.”

அப்பெரியோர் சொன்ன நியாயம், அது பிறருடைய வழக்கம் என்பதொன்றே. இந்நியாயம் போதாது. வகுப்புவகுப்பாகப் பிரித்துப் பிள்ளைகளைக் கற்பிக்கும் முறையையும், அச்சியந்திரத்தையும், மேடையில் நின்று பிரசங்கிக்கும் வழக்கத்தையும் ஆறுமுகநாவலரவர்கள் பிறரிடத்துக் கண்டே கைக்கொண்டார்கள். 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலை எழுந்தது அங்ஙனமே. ஆதலால், பிறரிடமிருந்து வந்தது என்னும் ஒரேகாரணம்பற்றி ஒன்றைத் தள்ளுதல் நாவலர் வழிநிற்போர்க்கு அழகன்று. கேக்குத் தின்றதனாற் சைவம் கெட்டதுமில்லை. பிழை வேறோரிடத்தில் உளது. அதனைச் சொல்லுமுன் எம்முடைய பிழையைச் சொல்லுதல் முறையாகும்.

யாம் உபாத்தியாயராயிருந்த காலத்திற் கீழ்வகுப்புக்களில், “வைகாசி விசாகத்திலே முருகன் பிறந்தார்” என்று கரும்பலகையில் எழுதிப் பிள்ளைகளைக் கொண்டு பார்த்தெழுதுவித்தோம். மேல்வகுப்புக்களிற் பதியிலக்கணம் கூறுமிடத்து, “பதி பிறவார், இறவார்” என்று எழுதுவித்தோம். இரண்டுக்கும் இடையே ஆறேழாண்டு கழிந்துவிடுமாதலால் ஒருவரும் வினாவவில்லை. ஒருவர் மாத்திரம் வினாவினார். பதினேழு வயதினர், கூரிய அறிவினர். அவர் எழுந்து, “ஐயா, ஐந்தாம் வகுப்பிற் பிறந்தாரென்று சொன்னீர்கள், இன்று பிறவாரென்று சொல்லுகிறீர்கள். எந்த நாள் சொன்னது பொய்?” என்றார். யாம் அவரை வாங்கிலின்மேல் ஏறி நிற்கும்படி ஏவினோம். அவர் நின்றார். அதன்பின் சமயபாட வேளையில் அவர் வாய்திறந்ததில்லை. சில ஆண்டில் திருநீறு இடுவதையும் விட்டாரென்று கேள்வியுற்றோம். வினாவியது குற்றமன்று, விடையில்லாமை எம்மிடத்திருந்தது.

இவ்விடர்ப்பாட்டினின்று தப்புதற்கு உபாத்தியாயர்கள் கைக்கொள்ளும் வழிகள் இரண்டு உண்டு. சிறுபிள்ளைகளுக்கு நுண்பொருள் விளங்காது, ஆதலாற் பிறந்தார் என்றே சொல்லிவைத்து, வளர்ந்தபின் திருத்திக்கொள்ளலாம் என்பது ஒரு வழி. இவ்வாறு சொல்வோர், குற்றமற்ற நன்மை பயக்குமாயிற் பொய்யையும் வாய்மையின் வரிசையில் வைத்த திருவள்ளுவரைத் துணைக்கழைப்பர். அங்கே குற்றமற்ற நன்மை என்னும் அடை கிடத்தலை அவர் நோக்குவதில்லை. பின்னாளில், தாம் நம்பிய ஒருவர் தம்மிடத்துப் பொய்யுரைத்தார் என்று பிள்ளை அறியுமிடத்து, அப்பொய் பயந்த நன்மை யாது? ஒரு பொய்யைக் கண்டவன் மற்றவற்றையும் ஐயுறுவான். எம் மாணாக்கர் ஐயுற்றார்.

மற்றை வழி, எல்லாவற்றையும் உருவகமாக்கிவிடுதல். ஆறு பொறி என்பது இது, சரவணப் பொய்கை என்பது நெஞ்சம், சூரபன்மன் என்பது ஆணவமலம் என்று சொல்லி, கதையை உரித்துக் கருத்தைக் கையிற் கொடுப்பர். சூரனை ஆணவமாகக் கொள்ளுதல் நம்மவர் மரபே. அதனை யாம் மறுக்கவில்லை. ஆயினும் உரித்த கருத்தை மாத்திரம் பெற்ற பிள்ளை அதனைக் கும்பிடமாட்டாது. கும்பிடுதற்கு எதிரே ஒருவர் வேண்டும்.

இனிச் சித்தாந்தம் சொல்லுவதென்னை? பிறப்பென்பது யாதென்று முதற்கண் தெளிதல் வேண்டும். உயிர் தான் செய்த இருவினைக்கீடாக, மாயையினின்றும் ஆக்கப்பட்ட உடம்பொன்றினைத் தன் விருப்பம் நோக்காது பெறுதலே பிறப்பு. யாம் இன்ன தாய்வயிற்றில், இன்ன ஊரில், இன்ன நாளிற் பிறக்கவேண்டுமென்று எம்மை ஒருவரும் கேட்டிலர். பிறப்பில் அடங்கிக் கிடப்பது இந்தப் பரவசமே. முதல்வனுக்கு வினையில்லை, ஆதலால் வினைக்கீடான உடம்பில்லை, ஆதலாற் பிறப்பில்லை. ஆனால் உருவமே இல்லையென்று சித்தாந்தம் சொல்லவில்லை. அருணந்தி சிவாசாரியர் சிவஞானசித்தியார் சுபக்கத்து முதற் சூத்திரத்திலே இதனை விரிவாக ஆராய்ந்து, இறைவன் கொள்ளும் திருமேனி எம்முடம்புபோல மாயையின் ஆக்கமன்று, தன் இச்சையாற் கொள்ளும் அருளே அத்திருமேனி என்று நிறுவினார். அத்திருமேனி பொய்த்தோற்றம் அன்று. எமக்காகத் தோன்றிய மெய்.

கச்சியப்ப சிவாசாரியர் இதனை நன்கறிந்தே பாடியவர். கந்தபுராணத்து ஆறு காண்டங்களுள் முதலாவது உற்பத்தி காண்டம். அதிலே திருவவதாரப் படலம் என்றே ஒரு படலம் உளது. சைவர் அவதாரத்தை ஒப்புக்கொள்ளாரென்று பொதுவிற் சொல்லித்திரிவோர் இத்தலைப்பைக் கண்டு திகைப்பர். அவர் தலைப்போடு நில்லாது படலத்தினுள்ளே புகுந்து பார்த்தல் வேண்டும். தேவர்கள் சூரபன்மனாற் படுந்துயரை விண்ணப்பிக்க, சிவபெருமான் ஆறு திருமுகங்கொண்டு, ஆறு நெற்றிக்கண்களினின்றும் ஆறு பொறிகளைத் தோற்றுவிக்கின்றார். வாயுவும் அக்கினியும் அவற்றை ஏந்தமாட்டாது ஏந்திச் சென்று கங்கையில் விடுகின்றனர். கங்கையும் தாங்கமாட்டாது சரவணப் பொய்கையிற் சேர்க்கின்றாள். ஆண்டு ஆறு திருமுகங்கொண்டு தாமரைமேல் எழுந்தருளுகின்றார். கருப்பை எங்கே? முட்டை, வியர்வை, வித்து, கருப்பை என நம்மவர் எண்ணும் நால்வகைத் தோற்றத்துள் கண்ணிற்றோன்றிய பொறி எதனுள் அடங்கும்? அப்பெருமான் வெளிப்பட்டதைக் கூறும் பாட்டிற் கச்சியப்பர் ஆளும் வினைச்சொல் உதித்தல் என்பது; பிறத்தல் அன்று.

உதித்தல் என்னும் அச்சொல்லை உபாத்தியாயர் விடாது பற்றிக்கொள்ளல் வேண்டும். சூரியன் உதித்தான் என்று நாடோறும் சொல்லுகின்றோம். அவன் அன்றுதான் உண்டானான் என்று யாரும் பொருள்கொள்வதில்லை. பூமி சுழலுதலாலே அங்ஙனம் தோன்றுகின்றது என்று விஞ்ஞானம் கற்பிக்கும் உபாத்தியாயரும் வீட்டுக்குப் போய்ச் சூரியன் உதிக்குமுன் எழுப்பிவிடு என்றே மனைவிக்குச் சொல்லுகின்றார். அவர் பொய்யரல்லர். இருளிலிருந்தவனுக்கு விடிந்தது மெய். இவ்வுவமை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும். அதனைச் சொல்ல ஆறேழாண்டு காத்திருக்கவேண்டியதில்லை. ஒன்றில் மாத்திரம் இவ்வுவமை குறைவுடையது. சூரியன் எவரையும் எண்ணி உதிப்பதில்லை.

இனி, கந்தபுராணம் சொல்லும் வரலாறே எங்கும் உளதோ என்றால், இல்லை. பரிபாடலின் ஐந்தாம் பாட்டு வேறொரு வரலாறு கூறுகின்றது. அங்கே கருவும் உண்டு. அது சிதைக்கப்படுதலும் உண்டு. அருந்ததி ஒழிந்த முனிபத்தினியர் அறுவர் அதனை ஏற்றலும் உண்டு. மகாபாரதத்து வனபருவத்தில் அக்கினியும் சுவாகாதேவியும் வருவர். மேல்வகுப்பு மாணாக்கர் இவற்றை எங்கேனும் படித்துவந்து கேட்பர். மறைத்தல் வேண்டா. வரலாறுகள் தம்முள் மாறுபட்டாலும் ஒன்றில் மாறுபடவில்லை. எந்நூலிலும் இப்பிள்ளை ஒருத்தி வயிற்றில் அடங்கிப் பிறந்த பிள்ளையன்று. பலர் ஏந்தினர், ஏந்திய சிலர் தாங்கமாட்டாது பிறர்கையிற் கொடுத்தனர். எம் ஆராய்ச்சியில் இவ்வொற்றுமை அம்மாறுபாடுகள் எல்லாவற்றினும் பெரியது.

ஏந்தியவர்களைப் பற்றிச் சிறிது நின்று சிந்திப்போம். கார்த்திகை மகளிர் அறுவர் சரவணப் பொய்கையை அடைந்து, குழந்தைகளாய்க் கிடந்த பெருமானுக்குப் பாலூட்டினர். பசியில்லாதானுக்குப் பால் எதற்கு? தன்னுள்ளே எல்லாம் நிறைந்தவனுக்கு ஒருவர் கொடுக்கத்தக்கது யாது? அரசனாக வந்தானாயின் அஞ்சுவோம். குருவாக வந்தானாயிற் கேட்போம். செல்வனாக வந்தானாயின் இரப்போம். இம்மூவகையாலும் அவனிடமிருந்து பெறுவோமேயன்றி அவனுக்குக் கொடுக்கமாட்டோம். குழந்தையாக வந்தானாயின் மாத்திரமே எடுப்போம், அணைப்போம், ஊட்டுவோம். உயிர் முதல்வனிடமிருந்து பெறாத இன்பம் ஒன்றுண்டாயின், அது முதல்வனுக்குத் தான் ஒன்று கொடுத்தேன் என்னும் இன்பமே. அதனையும் கொடுத்தருளவே அவன் குழந்தையாய்க் கிடந்தான் என்பது எம் துணிபு. அந்த மகளிர் பெயராற் கார்த்திகேயன் என்று வழங்கப்படுதலையும் அவன் ஏற்றுக்கொண்டான்.

எம் சிறுபிராயத்தில் எம் ஊர்க் கோயிலிலே புராணபடனம் ஆண்டுதோறும் நடக்கும். ஒருவர் பாட்டை இசையோடு வாசிக்க, மற்றொருவர் பொருள் சொல்வர். திருவவதாரப் படலம் படிக்கும் நாளில் ஊர்க் கிழவிமார் செம்பிற் பால் கொண்டுவருவர். எம் ஆச்சிக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனால் ஆண்டுதோறும் கேட்டுக்கேட்டுக் கந்தபுராணத்துப் பெரும்பகுதி அவர் வாயில் நின்றது. உமாதேவியார் ஆறு குழந்தைகளையும் ஒருங்கு அணைத்து ஓருருவாக்கும் இடம் வந்தால் அவர் கண்ணீர் வடிப்பார். ஒருமுறை பாற்செம்பை எம்கையிற் கொடுத்து, “பால் ஆறமுன்னம் கொண்டு ஓடு தம்பி” என்றார். யாம் குறும்பாக, “ஆறுமுகசுவாமிக்குப் பசிக்குமோ ஆச்சி?” என்று கேட்டோம். அவர் சிறிதும் தயங்காமல், “அவருக்கென்ன பசி மோனை? எனக்கெல்லோ குடாமல் இருக்கேலாமற் கிடக்கு” என்றார். அன்று எமக்குச் சிரிப்பு வந்தது. சித்தியாரை உரையோடு இருமுறை பாடங்கேட்டபின்னரே ஆச்சி சொன்னதன் பொருள் எமக்கு விளங்கிற்று. பதி குறைவிலாதவன் என்பதும், பசு அன்புசெய்யாது அமையாதென்பதும் அவ்வொரு விடையில் அடங்கியிருந்தன.

தமிழ்ப் புலவரும் இதனையே தம் மரபில் வைத்துக் காத்தனர். சிவபெருமான் பிறவாதவராதலால் அவருக்குப் பிள்ளைத்தமிழ் பாடுதல் மரபன்று என்பர். முருகக்கடவுளுக்கோ பிள்ளைத்தமிழ் பல. பகழிக்கூத்தர் திருச்செந்தூர்ப் பெருமான்மீதும், குமரகுருபர சுவாமிகள் வைத்தீசுவரன்கோயில் முத்துக்குமாரசுவாமிமீதும் பாடினர். தனக்கும் அறுமுகனுக்கும் பேதமில்லையென்று சிவபெருமானே அருளியதாகக் கந்தபுராணம் கூறும். அங்ஙனமாயின், ஒரே பொருளுக்கு ஓருருவிற் பிள்ளைத்தமிழ் விலக்கும் ஓருருவில் விதியும் எங்ஙனம் ஆயின எனின், தன்னிலையில் நின்ற பொருளை யாம் தாலாட்டமாட்டோம். எமக்காகத் தாமரைமேற் கிடந்த பொருளைத் தாலாட்டலாம் என்க. அன்றியும், காப்பு, செங்கீரை, தால் என்று தொடங்கிச் சிறுதேரில் முடியும் பத்துப் பருவங்களுக்கு அப்பால் அப்பிள்ளை வளர்வதில்லை. முருகு என்னும் சொல்லுக்கே இளமை ஒரு பொருள். அவ்விளமைக்கு ஆண்டுக்கணக்கு இல்லை.

இங்கே வேறொன்று நினைவுக்கு வருகின்றது. பிறந்த மனிதராகிய நாயன்மார்க்கு நாம் பிறந்தநாள் கொண்டாடுவதில்லை. பெரும்பாலும் விசாகத்துக்கு மூன்றாம் நாள் வரும் வைகாசி மூலம் திருஞானசம்பந்த சுவாமிகள் குருபூசை. அது அவர் சிவசோதியிற் கலந்த நாள். சித்திரைச் சதயம், ஆடிச் சுவாதி, ஆனி மகம் என்பனவும் அவ்வாறே. 1822இற் பிறந்து 1879இற் சிவபதமடைந்த நாவலரவர்களுக்கும் கார்த்திகை மகத்திலேயே குருபூசை செய்கின்றோம். வைணவரோ ஆழ்வார்களின் பிறந்த நட்சத்திரத்தைப் போற்றுவர்; நம்மாழ்வாரது திருநட்சத்திரமும் இந்த வைகாசி விசாகமே. அவர் மரபு அவர்க்கு அழகு. நாமோ பிறந்தாருக்குப் பிறப்பொழிந்த நாளையும், பிறவாதாருக்குத் தோன்றிய நாளையும் கொண்டாடுகின்றோம். மேலெழுந்தவாரியாகப் பார்ப்பவர் இது தலைகீழென்பர். ஒரே வாரத்தில் வரும் இவ்விரு நாட்களையும் அருகருகே வைத்துக் காட்டினாற் பிள்ளைகளே பொருளைக் கண்டுகொள்வர்: உயிர் மேலே சென்ற நாளும், இறைவன் கீழே வந்த நாளும் உயிருக்கே திருநாள்கள்.

இவ்விலங்கையில் இன்னொரு வினாவும் எழும். விசாகத்தின் பெயரையே கொண்ட வெசாக் பண்டிகை அண்டையயலிற் கொண்டாடப்படுகின்றது. 1885 தொடக்கம் அது விடுமுறை நாள். சில ஆண்டுகளில் இரண்டும் ஒரே நாளிலோ அடுத்தடுத்த நாளிலோ வரும். சில ஆண்டுகளில் ஏறக்குறைய ஒரு மாதம் விலகும். நம் பிள்ளைகள் வெசாக் கூடுகளைக் கண்டு, இருவருக்கும் ஒரே பிறந்தநாளோ என்று கேட்பர். சித்தார்த்தர் தாய்வயிற்றிற் பிறந்தவர். பிறந்த இடம் லும்பினி. அசோகமன்னர் பட்டமெய்திய இருபதாம் ஆண்டில் அங்கே சென்று தூணொன்று நாட்டி, அவ்வூரின் வரியையும் குறைத்தார் என்று அத்தூணிற் பொறித்த எழுத்தே சொல்லுகின்றது. 1896இல் அவ்வெழுத்து வெளிப்பட்டது. மனிதராய்ப் பிறந்து தம் முயற்சியால் உயர்ந்த பெரியார் ஒருவருடைய பிறப்பை அங்ஙனம் இடமும் ஆண்டும் நிறுவிப் போற்றுதல் தக்கதே. முருகப்பெருமானுக்கு அத்தகைய தூண் வேண்டுமென்று நாம் ஏங்குதலும், நமக்கும் ஆண்டு உண்டென்று யாரேனும் சோதிடக் கணக்குக்காட்டி எழுதுவதைக் கண்டு மகிழ்தலும் வேண்டாதவை. இரண்டும் இருவேறு வகைத் திருநாள்கள். பிள்ளைகள் அயலார் கூட்டின் ஒளியைக் கண்டு மகிழட்டும், வேறுபாட்டையும் அறியட்டும்.

இனி அவ்வுபாத்தியாயினிக்கு யாம் எழுதிய விடையைச் சுருக்கமாகக் கூறுகின்றோம். அம்மா, பிள்ளைகளை மகிழ்வித்தது பிழையன்று. இனிப்புக் கொடுத்ததும் பிழையன்று. மெழுகுதிரி ஆண்டை எண்ணுதற்கு ஏற்றுவது. பிறந்தநாட் பாட்டு, இன்னும் ஓராண்டு வாழ்க என்று வாழ்த்துவது. எண்ணப்படும் ஆண்டு ஒருநாள் முடியும் ஆண்டு. இளமை மாறாதவனுக்கு அவ்வெண்ணிக்கையும் வாழ்த்தும் பொருந்தா, அவ்வளவே பிழை. நீர் ஆறு முகத்துக்கு ஆறென்று ஏற்றினீராதலால், உம்முடைய உள்ளமும் ஆண்டை எண்ண இசையவில்லை என்று கொள்ளுகின்றோம். பிள்ளைகள்முன் உம்மைக் கடிந்தவர் செய்த பிழை இதனினும் பெரிது. அடுத்த விசாகத்துக்குப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து சிறிது பால் கொண்டுவரட்டும். கோயிலிற் கொடுத்து, அபிடேகம் கண்டு, எஞ்சியதைத் தாமே பகிர்ந்து குடிக்கட்டும். சுவாமிக்குப் பசிக்குமோ என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். கேளாவிடின் நீரே கேட்பியும்.

எம் மாணாக்கர் இப்பொழுது கடல் கடந்து வாழ்கின்றார். அவருடைய பிள்ளைகளும் வளர்ந்துவிட்டனர். இரண்டு நாளும் பொய் சொல்லப்படவில்லை, ஒரு சொல் மாத்திரம் பிழையாக எழுதுவிக்கப்பட்டது என்று அவருக்கு எழுதி, வாங்கிலின்மேல் ஏற்றியதற்கு மன்னிப்பும் கேட்டு, இப்பத்திரிகைப் பிரதியொன்றையும் உடன்வைத்து அனுப்புகின்றோம். விடை முப்பத்தைந்தாண்டு பிந்திச் செல்லுகின்றது.